வேர் சிகிச்சை செய்த பல் மீண்டும் சீழ் வைப்பது ஏன்?

பாம்பனிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்:

"என் கணவருக்கு வயது 41. விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். இரண்டு வருடங்களுக்கு முன் மீன்பிடித் தடைக்காலத்தில் அவருடைய மேல் இடது கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்தோம். கேப் போடத் திரும்ப வரச் சொன்னார்கள். அதற்குள் தொழில் தொடங்கிவிட்டதால் போகவில்லை. பல்லில் அடைத்திருந்த மருந்து பாதி உதிர்ந்துவிட்டது. நான்கு மாதமாக அந்தப் பல்லுக்கு மேலே ஈறில் ஒரு பரு வருகிறது, உடைந்து சீழ் வடிகிறது, அடங்குகிறது, மறுபடியும் வருகிறது. கடித்தால் நோகிறது, சூடும் குளிர்ச்சியும் ஒன்றும் செய்வதில்லை. மாத்திரை போட்டால் சில நாள் நிம்மதி. நரம்பையே எடுத்துவிட்ட பல்லில் எப்படி வலி வரும்? முதலில் செய்த டாக்டர் சரியாகச் செய்யவில்லையா? இப்போது பார்த்த டாக்டர் திரும்பச் செய்யலாம் என்கிறார். வீட்டுப் பெரியவர்கள் பிடுங்கிவிடச் சொல்கிறார்கள். திரும்பச் செய்தாலும் கெடாது என்று என்ன நிச்சயம்? எக்ஸ்ரே படத்தை இணைத்திருக்கிறேன்."

அன்புள்ள சகோதரிக்கு,

தங்கள் கடிதத்தையும் எக்ஸ்ரே படத்தையும் பார்த்தேன். பல்லை நேரில் பார்க்காமல் முடிவாக எதையும் சொல்ல இயலாது. ஆனால் தாங்கள் எழுதியுள்ள விவரங்களைக் கொண்டே பல விஷயங்களை விளக்க முடியும்.

முதலில் வலியைப் பற்றி. வேர் சிகிச்சையில் அகற்றப்படுவது பல்லுக்கு உள்ளே இருக்கும் நரம்பும் இரத்தக் குழாய்களும் சேர்ந்த திசு மட்டுமே. பல்லின் வேரைத் தாடை எலும்போடு பிணைத்திருக்கும் மெல்லிய சவ்வு அப்படியே இருக்கிறது. அதற்குத் தனியாக நரம்புகள் உண்டு. கடிக்கும்போது எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்பதை நமக்கு உணர்த்துவது அந்தச் சவ்வுதான். வேரின் நுனியில் அழற்சி ஏற்பட்டால் அந்தச் சவ்வு வீங்கிப் பல்லை அதன் குழியிலிருந்து சற்றே வெளியே தள்ளுகிறது. அதனால்தான் கடித்தவுடன் நோகிறது. சூடும் குளிர்ச்சியும் ஒன்றும் செய்வதில்லை என்று தாங்கள் குறிப்பிட்டிருப்பது முக்கியமான தகவல். வேர் சிகிச்சை செய்த பல்லில் சூடான தேநீர் பட்டு வலித்தால், வேருக்குள் நரம்பு ஓடும் குழாய்களில் தவறவிட்ட ஏதோ ஒன்றில் நரம்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா, அல்லது வலி பக்கத்துப் பல்லிலிருந்து வருகிறதா என்று சந்தேகிக்க வேண்டியிருக்கும். தங்கள் கணவருக்கு அப்படி இல்லை. அவருக்கு இருப்பது வேர் நுனியில் கிருமித் தொற்று.

அந்தத் தொற்று எங்கிருந்து வந்தது என்பதே தங்கள் எல்லாக் கேள்விகளுக்கும் அடிப்படை. 1965-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையை இங்கே சொல்ல வேண்டும். கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளின் பற்களைக் குடைந்து நரம்பைத் திறந்து வைத்தபோது, உணவுத் துகள்கள் உள்ளே போய் அடைத்திருந்த நிலையிலும் நரம்பு அழுகவில்லை. குடைந்த இடத்தின் மேல் புதிய பல்திசு வளர்ந்து மூடியது. சாதாரணமாக வளர்த்த எலிகளுக்கு நரம்பு செத்து வேர் நுனியில் சீழ்க்கட்டி உண்டானது. கிருமி இருந்தால் நோய், இல்லாவிட்டால் நோயில்லை என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. ஆகவே வேர் சிகிச்சை தோற்கிறது என்றால், அநேகமாக எப்போதும், கிருமிகள் உள்ளே மிச்சப்பட்டுவிட்டன அல்லது பிறகு புதிதாக உள்ளே நுழைந்துவிட்டன என்றே பொருள். தங்கள் கணவர் விஷயத்தில் இரண்டும் நடந்திருக்க இடமிருக்கிறது.

மிச்சப்படுவது எப்படி என்பதைச் சொல்கிறேன். மேல் முதல் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர்கள். மூன்று வேர் என்பதால் மூன்று குழாய் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கன்னத்துப் பக்கம் முன்னால் இருக்கும் வேர் பட்டையாக இருப்பதால், பெரும்பாலானவர்களுக்கு அதற்குள் இரண்டு குழாய்கள் ஓடுகின்றன. இரண்டாவது குழாய் தலைமுடி போல மெல்லியது; அதன் வாய் பெரும்பாலும் வயதோடு வளர்ந்த பல்திசுவின் அடியில் மறைந்திருக்கும். சாதாரண எக்ஸ்ரே ஒரு தட்டையான நிழற்படம் என்பதால், ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும் இரண்டு குழாய்களும் அதில் ஒரே கோடாகத் தெரியும். தாங்கள் அனுப்பிய படத்தில் குழாய் அடைப்பைக் காட்டும் வெள்ளைக் கோடுகள் மூன்றே இருக்கின்றன. எலும்பு கரைந்த இடத்தைக் காட்டும் கருநிழலும் அந்த முன்புற வேரின் நுனியில்தான் விழுந்திருக்கிறது. நான்காவது குழாய் தவறியிருக்கலாம் என்ற ஐயம் எனக்கு வலுவாகவே இருக்கிறது.

அதைத் தேடுவது எப்படியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல்லின் மேற்பகுதியைத் திறந்து பழைய அடைப்பை எடுத்த பிறகு, நுண்ணோக்கியின் வெளிச்சத்தில் பல்லறையின் தரை தெரியும். சுவர்கள் வெளிர்மஞ்சளாகவும் தரை அதைவிடக் கருத்த சாம்பல் நிறமாகவும் இருக்கும். முதல் குழாயின் வாயிலிருந்து அண்ணத்துப் பக்கமாக நூல் போன்ற ஒரு கருங்கோடு போகும். அந்தக் கோட்டின் மேல் படிந்திருக்கும் திசுவை, மீயொலியால் அதிரும் மெல்லிய அதிர்வூசியால் சிறிது சிறிதாகச் சுரண்ட வேண்டும். பிறகு செத்த திசுவைக் கரைத்துக் கிருமியைக் கொல்லும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை ஊற்றி அசையாமல் பார்த்தால், செத்த திசு எங்கே ஒளிந்திருக்கிறதோ அந்த ஒரு புள்ளியிலிருந்து மட்டும் நுண்ணிய குமிழிகள் தொடர்ந்து எழும்பும். அந்த இடத்தில்தான் குழாயின் வாய். அவசரமாகச் செய்யும் வேலை அல்ல இது. சில நேரம் இதற்கே முக்கால் மணி நேரம் போய்விடும்.

கண்டுபிடித்த குழாய்களிலும் கிருமி முழுவதும் ஒழிவதில்லை. குழாய் என்று சொன்னாலும் அது உருண்டையாக இருப்பதில்லை. பக்கக் கிளைகளும், இரண்டு குழாய்களை இணைக்கும் இடுக்குகளும், நுனியில் ஆற்றின் கழிமுகம் போன்ற பிரிவுகளும் கொண்டது. நுண்ணிய ஸ்கேன் ஆய்வுகளில், குழாய்ச் சுவரின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பரப்பைக் கருவி தொடுவதே இல்லை என்று தெரிந்திருக்கிறது. கருவி தொடாத இடத்தைக் கரைசல்தான் சுத்தம் செய்ய வேண்டும். கரைசலுக்குப் போதிய நேரம் கொடுக்க வேண்டும். சிகிச்சையின்போது எச்சில் உள்ளே இறங்காமல் இருக்கப் பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்ட வேண்டும். அதை மாட்டாமல் வேர் சிகிச்சை செய்வதை என்னால் ஏற்க முடியாது. ஒருபுறம் கிருமியை நீக்கிக்கொண்டே மறுபுறம் எச்சிலை உள்ளே விடுவதாகிவிடும். அடைப்பு வேர் நுனிக்கு வெகுதூரம் முன்பே நின்றுவிட்டாலும் அடியில் காலியிடம் மிஞ்சும். தங்கள் படத்தில் மூன்று அடைப்புகளும் நுனியிலிருந்து 2 மில்லிமீட்டருக்குள் முடிகின்றன. அந்த வகையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேருக்குள் கருவி முறிந்து நிற்பது, அடைப்பு நுனியைத் தாண்டிப் போவது போன்றவையும் சிலருக்குக் காரணமாகும். தங்கள் படத்தில் அவை இல்லாததால் விரிவாகச் சொல்லவில்லை.

இனி, புதிதாக நுழைவது. இதைத் தாங்கள் மிகவும் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். குழாய்க்குள் அடைக்கப்படும் கட்டா பெர்ச்சா என்பது ஒரு மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் ரப்பர் போன்ற பொருள். அது குழாயை நிரப்புமே தவிர, மாதக்கணக்கில் எச்சிலில் ஊறிக் கிடந்தால் கிருமியைத் தடுக்கும் வல்லமை அதற்கு இல்லை. தடுக்க வேண்டியது பல்லின் மேற்பகுதியில் போடும் நிரந்தர அடைப்பும் அதன் மேல் வரும் கேப்பும்தான். 1995-இல் அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேர் சிகிச்சை செய்த பற்களின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்தவர்கள், குழாய் அடைப்பின் தரத்தைவிட மேலடைப்பின் தரமே வேர் நுனியின் ஆரோக்கியத்தை அதிகம் தீர்மானிப்பதாக எழுதினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் இரண்டும் சம அளவில் முக்கியம் என்று திருத்தினாலும், மேலடைப்பு இல்லாமல் நல்ல வேர் சிகிச்சையும் நிலைக்காது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

தங்கள் கணவருக்கு அன்று அடைத்தது தற்காலிக மருந்தாகத்தான் இருக்கும். சில வாரங்கள் தாங்குவதற்கென்றே செய்யப்பட்ட பொருள் அது. இரண்டு ஆண்டுகளாக அது உதிர்ந்துகொண்டே வந்திருக்கிறது. இப்படித் திறந்து கிடந்த பல்லிலிருந்து பழைய கட்டா பெர்ச்சாவை வெளியே எடுக்கும்போது, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய அது கருத்து, ஈரம் ஊறி, கெட்ட வாடையோடு வரும்; இழுப்பதற்கு எந்த எதிர்ப்பும் இல்லாமல் கையோடு வந்துவிடும். அதைப் பார்க்கும் எவருக்கும் கேப் ஏன் வேண்டும் என்று விளக்க வேண்டியதில்லை. நம் பகுதியில் இது அடிக்கடி நடக்கிறது. வலி இருக்கும்வரை தவறாமல் வருகிறவர்கள், வலி நின்றதும் கேப்புக்கு வருவதில்லை. கடலுக்குப் போகிறவர்களுக்குத் தொழில் தொடங்கிவிடுகிறது, கீழக்கரைக்கும் தொண்டிக்கும் வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்தவர்களுக்கு விமானத் தேதி வந்துவிடுகிறது. அவர்களின் நிலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் கேப் போடாதவரை சிகிச்சை முடியவில்லை என்பதை முதல் நாளிலேயே அழுத்திச் சொல்வது மருத்துவரின் கடமை.

முதலில் செய்தவர் சரியாகச் செய்யவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். நான்காவது குழாய் தவறுவது அக்கறையோடு வேலை செய்கிறவர்களுக்கும், குறிப்பாக நுண்ணோக்கி இல்லாத இடங்களில், நேர்வதுதான். படத்தில் தெரிகிற மூன்று குழாய்களும் ஒழுங்காக அடைக்கப்பட்டிருக்கின்றன. கேப் போட வரச் சொல்லியும் இருக்கிறார்கள். இதை வைத்து அவரைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. கேப்புக்குப் போகவில்லை என்று தங்களையோ தங்கள் கணவரையோ நொந்துகொள்வதாலும் பயனில்லை.

மாத்திரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடும் ஆன்டிபயாடிக் இரத்தத்தின் வழியாகத்தான் செல்லும். நரம்பும் இரத்தக் குழாயும் எடுக்கப்பட்ட பல்லின் உட்புறத்துக்கு இரத்த ஓட்டமே கிடையாது. அதனால் கிருமி இருக்கும் இடத்துக்கு மருந்து போய்ச் சேர்வதில்லை. வேரைத் தாண்டி எலும்பில் பரவிய அழற்சி மட்டும் சில நாட்களுக்கு அடங்குகிறது. பலகை இடுக்கை அடைக்காமல் வள்ளத்தில் ஏறும் நீரை இறைத்துக்கொண்டே இருப்பது போன்றது அது. முகவீக்கமோ காய்ச்சலோ வந்தால் மருத்துவர் சொல்லி மாத்திரை எடுப்பது வேறு. மாதாமாதம் தானாக வாங்கிப் போடுவதை இன்றோடு நிறுத்திவிடச் சொல்லுங்கள். தேவையின்றித் திரும்பத் திரும்ப எடுத்தால், உண்மையிலேயே தேவைப்படும் நாளில் அந்த மருந்து வேலை செய்யாமல் போகும் ஆபத்து இருக்கிறது.

திரும்பச் செய்வதா, பிடுங்குவதா என்று முடிவெடுக்கும் முன் ஒரே ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும்: வேர் பிளந்திருக்கிறதா, இல்லையா? நரம்பு எடுக்கும்போது கடைவாய்ப் பல்லின் நடுப்பகுதி குடையப்படுவதால், நின்றிருக்கும் சுவர்கள் மெலிந்துபோகும். கேப் அவற்றைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கேப் இல்லாமல் இரண்டு ஆண்டுகள் அந்தப் பல்லால் மென்றிருக்கிறார். பல்லில் நெடுக்காக விரிசல் விழுந்து வேர்வரை போயிருந்தால், எவ்வளவு திறமையாகத் திரும்பச் செய்தாலும் அந்தப் பல் நிற்காது. அந்த நிலையில் பெரியவர்கள் சொல்வதே சரி. இதைக் கண்டுபிடிக்க, மருத்துவர் ஈறுக்கும் பல்லுக்கும் இடையே ஒரு மெல்லிய அளவுகோலைச் சுற்றிலும் விட்டுப் பார்ப்பார். எல்லா இடத்திலும் 2, 3 மில்லிமீட்டர் இறங்கும் கோல், ஒரே ஓர் இடத்தில் மட்டும் திடீரென்று ஆழமாக இறங்கினால் அது வேர் பிளவின் அடையாளமாக இருக்கக்கூடும். பழைய அடைப்பை எடுத்த பின் சாயம் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் உறுதியாகிவிடும். பருவின் துளை வழியே ஒரு மெல்லிய கட்டா பெர்ச்சா குச்சியைச் செருகி எக்ஸ்ரே எடுத்தால், சீழ் எந்த வேரிலிருந்து வருகிறது என்பதும் தெரியும். செருகுவது பெரிதாக வலிக்காது. முடிந்தால் அந்த ஒரு பகுதிக்கு மட்டும் முப்பரிமாண ஸ்கேன் எடுத்துவிடுங்கள். நான்காவது குழாயைப் பற்றிய ஐயம் அதில் தீர்ந்துவிடும்.

பிளவு இல்லையென்றால் திரும்பச் செய்யுங்கள் என்பதே என் ஆலோசனை. பழைய அடைப்பைக் கருவியாலும் தேவைப்பட்டால் கரைப்பானாலும் அகற்றி, விடுபட்ட குழாயைத் தேடி, எல்லாவற்றையும் மறுபடி கழுவி, கிருமியை ஒழிக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை ஒன்றிரண்டு வாரம் உள்ளே வைத்து, சீழ் வடிவது நின்றதை உறுதிசெய்த பின் அடைப்பார்கள். மறுபடியும் கெடாது என்று நிச்சயம் கேட்கிறீர்கள். நூற்றுக்கு நூறு நிச்சயத்தை நேர்மையான எந்த மருத்துவரும் தர மாட்டார். எட்டு முதல் பத்து ஆண்டுகள் நோயாளிகளைப் பின்தொடர்ந்து சுவீடன் ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்ட கணக்கு இது: வேர் நுனியில் நோய் வருவதற்கு முன்பே சிகிச்சை செய்த பற்களில் 96 விழுக்காடு நலமாக இருந்தன, நரம்பு செத்து நுனியில் நோய் வந்த பின் செய்தவற்றில் 86, ஒருமுறை செய்து நுனியில் நோயோடு இருந்ததைத் திரும்பச் செய்தவற்றில் 62. அதற்குப் பிறகு நுண்ணோக்கியும் அதிர்வூசியும் முப்பரிமாண ஸ்கேனும் வந்து வேலை எளிதாகியிருக்கிறது. அதோடு, தோல்விக்கான காரணம் தெளிவாகத் தெரிந்து, அது சரிசெய்யக்கூடியதாகவும் இருக்கும் பல்லுக்கே நல்ல வாய்ப்பு அதிகம். தங்கள் கணவரின் பல் அப்படிப்பட்டதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. திரும்பச் செய்தும் ஆறாவிட்டால், ஈறைத் திறந்து வேரின் நுனியை 3 மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டி அங்கிருந்து அடைக்கும் சிறிய அறுவைச் சிகிச்சையும் உண்டு. வேருக்கு வெளியே கிருமி குடியேறியவர்களுக்கும் தனிக் கட்டி உருவானவர்களுக்கும் அதுவே வழி.

பிடுங்குவது அன்றைய செலவில் மலிவு. ஆனால் மேல் கடைவாய்ப் பல் போனால் அதன் கீழ்ப்பல் மெல்ல எழும்பும், பக்கத்துப் பற்கள் சாயும், மெல்லும் வேலை முழுவதும் ஒரு பக்கத்துக்குப் போய்விடும். பிறகு பாலம் கட்டுவதென்றால் நல்ல பற்கள் இரண்டைத் தேய்க்க வேண்டும். எலும்பில் செயற்கை வேராகப் பதிக்கும் இம்பிளான்ட் வைப்பதென்றால், அந்த இடத்தில் மூக்கை ஒட்டிய காற்றறையான சைனஸ் அறை இறங்கியிருப்பதால் எலும்பு போதாமல் போகலாம். இரண்டுக்கும் ஆகும் செலவு திரும்பச் செய்யும் செலவைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். பணம் தடையாக இருந்தால், புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் காட்டிக் கேட்கலாம். எங்கே போனாலும், வேர் சிகிச்சையில் மேற்படிப்புப் படித்தவரிடம் இதைக் கொடுப்பது நல்லது. முதல்முறை செய்வதைவிடத் திரும்பச் செய்வது கடினமான வேலை.

காலத்தைப் பொறுத்தவரை, அடுத்த தடைக்காலம் வரை தள்ளிப்போடலாம் என்று அவர் சொல்லக்கூடும். பரு வழியே சீழ் வெளியேறிக்கொண்டிருப்பதால் இது இன்றிரவே ஓட வேண்டிய அவசரம் அல்ல. ஆனால் மாதங்கள் போகப் போக எலும்பு கரைந்துகொண்டே இருக்கும், மெலிந்த சுவர்களும் உடையக்கூடும். இந்த வாரமே உள்ளூர்ப் பல் மருத்துவரிடம் போய் உதிர்ந்த இடத்தைக் கெட்டியாக அடைத்துக்கொள்ளட்டும். அந்தப் பக்கம் மெல்லாமல் இருக்கட்டும். திரும்பச் செய்வதற்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று முறை வந்தால் போதும். கரையில் இருக்கும் நாட்களில் வைத்துக்கொள்ளலாம். எப்படியும் ஏப்ரல் 15-க்கு முன் முடியாது என்றால், தடைக்காலத்தின் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். 61 நாட்களில் குழாய் வேலை, நிரந்தர அடைப்பு, கேப் மூன்றையும் முடிக்கத் தாராளமாக நேரம் இருக்கிறது. ஜூன் 14-க்குள் கேப் பல்லில் ஏறியிருக்க வேண்டும் என்று மருத்துவரிடம் முதல் நாளே சொல்லித் தேதி வாங்கிக்கொள்ளுங்கள். கருநிழல் மறைந்து எலும்பு நிரம்ப மாதங்கள் ஆகும், சிலருக்கு நான்கு ஆண்டுகள் வரைகூட ஆகலாம். ஆறாம் மாதமும் ஓராண்டு முடிவிலும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டால் ஆறுகிறதா என்று தெரிந்துவிடும்.

அவருக்கு இடது பக்க மூக்கு மட்டும் அடைப்பதோ, அந்தப் பக்கத்தில் நாற்றமுள்ள சளி வருவதோ உண்டா என்று கேட்டுப் பாருங்கள். மேல் கடைவாய்ப் பல்லின் வேர்கள் சைனஸ் அறையை ஒட்டி நிற்பவை. பல்லின் சீழ் அங்கே பரவியிருந்தால் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரத்தச் சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் எலும்பு ஆறுவது தாமதப்படும். பீடி பழக்கம் இருந்தாலும் அப்படியே. கன்னம் கண்வரை வீங்குவது, காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வந்தால் பல் மருத்துவமனை திறக்கும்வரை காத்திருக்காமல் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். இப்படி ஏதேனும் தொடங்கியிருக்கும் நாளில் படகில் ஏறக் கூடாது. நடுக்கடலில் வீக்கம் கூடினால் உதவி கிடைக்கக் கரை சேர வேண்டும். சிகிச்சைக்குப் போகும்போது இரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்த எக்ஸ்ரே படங்கள் வீட்டில் இருந்தால் அவற்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பழைய நிழலையும் புதிய நிழலையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நோய் அப்போதே இருந்ததா, பிறகு வந்ததா என்பது தெரியும்.